முழங்காலுக்கு ஒரு தேதி

பங்குச் சந்தை காலை ஒன்பதே காலுக்குத் திறக்கும். திண்டிவனத்தில் என் நண்பர் வீட்டு மாடிக்குப் பதினேழு படிகள். 2025ஆம் ஆண்டு முழுவதும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். படிகளைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

நான் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் மழையளவையும் விளைச்சலையும் தொகுக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு திண்டிவனத்தில். தினமும் பேருந்தில் போய் வந்தேன். அந்தத் தடத்தில் நடத்துனராக இருந்தவர்தான் இந்த நண்பர். பெயர் போடவில்லை. அவரே கேட்டுக்கொண்டார். "எழுதுங்க சார், வேணான்னு சொல்லல. பேரு மட்டும் போட்டுடாதீங்க. எங்க மாப்ள படிப்பாரு."

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு வேலையில் ஒட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு நாலைந்து வரிதான். மழை, வெயில், செய்தித்தாளில் கவனித்த ஒன்று. 2008இல் அமெரிக்காவில் பெரிய வங்கி ஒன்று திவாலான வாரத்திலிருந்து, சந்தைக் குறியீடு எங்கே முடிந்தது என்பதையும் குறித்து வருகிறேன். உலகம் முழுக்கப் பணம் எப்படிச் சரிந்தது, எப்படி மீண்டது என்று கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் இன்றுவரை ஒரு பங்குகூட வாங்கியதில்லை. என் பணம் அஞ்சலகத்தில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் நடந்ததில் என் பேச்சுக்கும் பங்குண்டு. பணமோ முழுக்க நண்பருடையது.

நண்பருக்கு ஓய்வுக்காலப் பணம் வந்தபோது பாதி மகள் கல்யாணக் கடனுக்கும் வீட்டுக்கும் போய்விட்டது. மீதியை 2024 ஆவணிக் கடைசியில், ஒரு முகூர்த்த நாள் பார்த்து, சென்னையில் கணினி வேலை பார்க்கும் மருமகன் இவருடைய கைபேசியிலேயே மியூச்சுவல் ஃபண்டில் போட்டுக் கொடுத்தார். சிறிய நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் நிதி அது. "சின்ன கம்பெனிதான் சார் பெருசா வளருமாம். பெருசு இனிமே எங்க வளரப் போவுது?" என்று நண்பர் எனக்கு விளக்கினார். மருமகன் மேல் குறை சொல்வதற்கில்லை. அவருடைய பணமும் அங்கேதான் இருந்தது. ஐந்தாறு வருடம் தொடாமல் இருந்தால் போதும் என்றுதான் அவரும் சொல்லியிருந்தார்.

புரட்டாசியில் சந்தை உச்சம் தொட்டது. அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கியது.

டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. புயல் கரையைக் கடந்து மயிலத்தில் கொட்டிய மழையைப் போல என் பணிக்காலத்தில் நான் ஒரு நாளும் பதிந்ததில்லை. திண்டிவனத்திலும் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. நண்பர் வீட்டின் கீழ்ப் பகுதியை ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கடைக்காரர் ஊரில் இல்லை. காகிதக் கட்டுகளை நண்பரும் அவர் மனைவியும் ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கினார்கள். அந்த அம்மாவுக்கு முட்டிவலி முன்பே உண்டு. அன்றைக்குப் பிறகு அது வலி என்ற அளவில் நிற்கவில்லை. ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. இறங்குவதுதான் இன்னும் கடினம். தை முடிவதற்குள் கோயில், கடை, கோலியனூரில் தங்கை வீடு எல்லாம் நின்றுபோயின. பேருந்தின் முதல் படி உயரம் அதிகம். நடத்துனர் மனைவியால் பேருந்தில் ஏற முடியவில்லை.

மாசியில் விழுப்புரத்தில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனோம். வாடகைக் காரில் நானும் போயிருந்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு முழங்கால் மூட்டையும் மாற்ற வேண்டும், ஒன்றை முதலில் செய்து மூன்று மாதம் கழித்து மற்றதைச் செய்யலாம் என்றார். காப்பீட்டில் வருவது போக மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அந்தப் பணம் ஃபண்டில் இருந்தது. அந்த மாதத்தில்தான் சந்தை அடிமட்டத்தில் கிடந்தது.

"இப்ப எடுத்தா நஷ்டம் சார்," என்றார் நண்பர் திரும்பி வரும்போது. "போட்ட காசு வரட்டும். அதுக்கு மேல ஒரு ரூவா வேணாம் எனக்கு. போட்டது வந்தா எடுத்துடலாம்."

பின் இருக்கையில் அவர் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவில் விழுந்த சந்தை அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்றேன். உண்மைதான். என் குறிப்பில் இருக்கிறது. நண்பர் முகம் தெளிந்தது. "பாத்தியா, சார் சொல்றாரு," என்று பின்னால் திரும்பிச் சொன்னார்.

அன்றிலிருந்து நான் தினமும் காலையில் அவர் வீட்டு மாடிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஒன்பது பத்துக்குப் போனால் காப்பி இருக்கும். அவர் கைபேசியைத் துடைத்து வைத்துக்கொண்டு, முதல் ட்ரிப்புக்கு நிற்கும் நடத்துனரைப் போலச் சந்தை திறக்கக் காத்திருப்பார். அவருடைய நிதியின் மதிப்பு நாளுக்கு ஒரு முறை, சந்தை முடிந்த பிறகுதான் மாறும் என்று பல முறை சொல்லியிருக்கிறேன். "தெரியும் சார். கூட்டம் எப்பிடி வருதுன்னு பாக்கணுமில்ல," என்பார்.

பங்குனிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை உலகம் முழுவதும் சந்தைகள் ஒன்றாகச் சரிந்தன. அமெரிக்கா எல்லா நாடுகளின் சரக்குக்கும் இறக்குமதி வரி அறிவித்திருந்தது. அன்று அவர் காப்பியைத் தொடவில்லை.

"அவன் வரி போட்டா எனக்கு இன்னா சார்? நான் இன்னா கப்பல்லயா அனுப்புறேன்?"

திருப்பூர்ப் பனியன், இறால், வேலை, லாபம் என்று நான் நீளமாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சமையலறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் கேட்டார். முடித்ததும் அந்த அம்மா சொன்னார்: "அப்ப அந்தாளு மனசு மாறுனாதான் நான் நடப்பேன்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்த அம்மா சிரிக்கவில்லை.

அப்புறம் அந்த வரி தள்ளிப்போனது, சந்தை ஏறியது. சித்திரையில் எல்லையில் சண்டை, இறங்கியது. சண்டை நின்றது, ஏறியது. வைகாசி, ஆனியில் நண்பர் உற்சாகமாக இருந்தார். ஒலக்கூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அறுவடை முடிந்து வந்திருந்தது. வேகவைத்து ஒரு தட்டு நிறைய வைத்துக்கொண்டு "வந்துடும் சார், ஆடிக்குள்ள வந்துடும்" என்றார். ஆடியில் வரவில்லை. ஆவணியில் நம் நாட்டுச் சரக்குக்கு மேலும் ஒரு மடங்கு வரி. அது நடைமுறைக்கு வந்த நாள் பிள்ளையார் சதுர்த்தி, இங்கே சந்தைக்கு விடுமுறை. மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு, முந்தின நாள் விழ வேண்டியதையும் சேர்த்து விழுந்தது. இப்படி ஒவ்வொரு நாளும் என்னிடம் இருக்கிறது. பக்கங்களைப் புரட்டினால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. எந்த நாட்டிலோ ஒருவர் பேசுவார், இங்கே மாடியில் ஒருவர் முகம் கறுக்கும் அல்லது தெளியும், அந்த அம்மா அதே நாற்காலியில் இருப்பார்.

நஷ்டம் பெரிதாக இருந்த மாதங்களில் அவர் விற்கவில்லை. சரி, யாரும் தயங்குவார்கள். நஷ்டம் சிறுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்த பிறகும் விற்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. அந்தப் பிள்ளையார் சதுர்த்தி வாரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் புரிந்தது.

அவரோடு பத்து வருடம் வண்டி ஓட்டிய ஓட்டுநர் அங்கே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"வாய்யா கோடீஸ்வரா! இன்னா சொல்றான் அமெரிக்காக்காரன்? உன்ன ஏதாவது விசாரிச்சானா?"

"போயா நீ வேற. பேஜாரு பண்ணாத," என்றார் நண்பர்.

"எத்தினி நாளைக்கிய்யா அந்தப் போன நோண்டிக்கினு கெடப்ப? வித்துத் தொலச்சிட்டு அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போ. கொஞ்சம் கொறையும், அவ்ளோதான?"

"கொறையுதில்ல?"

ஓட்டுநர் என் பக்கம் திரும்பினார். "சார், இவன் கதை உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளு கடைசி ட்ரிப்பு முடிச்சி டிப்போவுல காசு கட்டணும். நாப்பது ரூவா கொறையுது. சீட்டுக்கு அடியில தேடுறான், டூல்ஸ் பெட்டியில தேடுறான், என் சட்டப் பையில கைய வுட்டுத் தேடுறான். பசி உயிரு போவுது எனக்கு. கொறையுதுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வாய்யா, சம்பளத்துல புடிச்சிக்குவாங்கன்னா கேக்கல. வீட்டுக்கு ஆள் அனுப்பி, பொண்டாட்டிகிட்ட காசு வாங்கியாரச் சொல்லி கட்டிட்டுதான் டிப்போ கேட்டத் தாண்டுனான். சர்வீஸு பூரா கொறையுதுன்னு ஒரு கையெழுத்து போடாதவன் சார் இவன்."

"அது ஒழுங்குயா," என்றார் நண்பர்.

"ஒழுங்கு. ஒழுங்கத் தூக்கி அந்தம்மா முட்டியில கட்டு."

நண்பர் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். கடைக்காரர் காசு கேட்டுக் கூப்பிட்டபோது திரும்பி வந்து மூன்று பேருக்கும் கொடுத்துவிட்டு மறுபடி போனார்.

விற்பது என்றால் குறைவோடு இறங்குவது. அதை அவரால் செய்ய முடியவில்லை. நான் ஆறு மாதமாகக் குறியீடு, வட்டி, பணவீக்கம் என்று பேசிக்கொண்டிருந்தேன். அவரோ டிப்போ வாசலில் நின்றுகொண்டிருந்தார். புரிந்த பிறகும் நான் அதை அவரிடம் பேசவில்லை. தினமும் போய்க் காப்பி குடித்தேன், பழைய வருடங்களைச் சொன்னேன்.

கார்த்திகை இரண்டாம் வாரம், வியாழக்கிழமை, குறியீடு ஒரு வருடத்துக்கு மேல் கழித்துப் பழைய உச்சத்தைத் தாண்டியது. மறுநாள் காலை நான் போனபோது நண்பர் வீட்டில் இல்லை. கீழே ஜெராக்ஸ் கடையில் மின்சாரக் கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு காப்பி கொண்டுவந்தார். நான் எழுந்து வாங்கிக்கொண்டேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? நேத்து டிவில உச்சி உச்சின்னு சொன்னானே. எங்களுது வந்துடுச்சா?"

"இன்னும் வரலம்மா. அது பெரிய கம்பெனிங்களோட கணக்கு. உங்களுது சின்ன கம்பெனிங்க. கொஞ்சம் பின்னாடிதான் வரும்."

"எப்ப வரும்?"

சொல்லத் தொடங்கினேன். 2018இல் சின்ன நிறுவனங்கள் இறங்கியபோது பழைய இடத்துக்கு வர மூன்று வருடம் ஆனது, ஆனால் 2020இல் இறங்கியபோது சீக்கிரமே... அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாத்துக்கும் தேதி வச்சிக்கினு இருக்கீங்க. இவரு உங்க பேச்சக் கேட்டுதான் உக்காந்துகினு இருக்காரு. நான் எதுனா சொன்னா, 'சார் சொன்னாரு வரும்னு'. எப்பக் கேட்டாலும் 'சார் சொன்னாரு'. தப்பா நெனச்சிக்காதீங்க. என் முட்டிக்கி ஒரு தேதி சொல்லுங்க."

குரல் உயரவில்லை. கோபம்கூட இல்லை, களைப்புதான். பதினேழு வருடக் குறிப்புகள் என்னிடம் இருந்தன. கேட்ட கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. வரும் என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் வருவதற்குள் என்ன ஆகும் என்பதை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை.

நண்பர் மேலே வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன்: "வித்துடுங்க. நான் இத்தனை நாளாச் சொன்னதெல்லாம் சும்மா பேச்சு. இன்னைக்கே வித்துடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார் இப்பிடி சொல்றீங்க? வர்ற நேரத்துல? இன்னும் ஒன்றரை மாசப் பென்ஷன்தான் கொறையுது."

"அவ்ளோதான?" என்றார் மனைவி.

"அவ்ளோதான். ஆனா கொறையுதில்ல?"

"டூட்டியில கொறைஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

"இன்னா பண்ணுவேன்? கையிலருந்து போட்டுக் கட்டுவேன்."

"கையிலருந்தா? யாரு கையிலருந்து? நாந்தான அரிசிக்கி வச்சத எடுத்துக் குடுத்தனுப்புனேன்? இப்பவும் போடுங்க. பென்ஷன்லருந்து எடுத்துப் போட்டுட்டு எறங்குங்க."

நண்பர் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். அது அவருடைய பணம்தானே, ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடுவதால் நஷ்டம் எப்படி இல்லாமல் போகும் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. இப்படிப்பட்ட குழப்பத்தைப் பற்றி நான் எத்தனையோ பக்கங்கள் படித்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன்.

"அப்பிடின்னா..." என்றார் அவர். விரலால் கணக்குப் போட்டுவிட்டு, "அப்பிடின்னா சரியாப் பூடும் இல்ல?" என்றார்.

"பூடும்," என்றேன்.

திங்கட்கிழமை விற்றார். இரண்டு மூன்று நாளில் பணம் ஒரு வங்கிக் கணக்குக்கு வந்தது. அவர் இன்னொரு வங்கிக்குப் போய்ப் பென்ஷன் கணக்கிலிருந்து குறைவாக இருந்த தொகையை எடுத்து, அதை இங்கே கட்டி, பாஸ்புக்கில் அச்சிட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். 2024 ஆவணியில் போட்ட தொகை, ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல், கடைசி வரியில் இருந்தது. "டேலி," என்றார். ஒரு வருடமாகப் பார்க்காத முகம் அது. நான் அந்தப் பாஸ்புக்கைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை முடிவதற்குள் விழுப்புரத்தில் வலது முழங்காலுக்கு அறுவை நடந்தது. வெளியே காத்திருந்த இடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டாலருக்கு ரூபாய் தொண்ணூறைத் தாண்டியதைப் பற்றி நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நண்பர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம ஃபண்டு இப்ப எங்க நிக்கிது சார்? வித்ததுக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். பார்த்திருந்தேன்.

அறுவை நன்றாக முடிந்தது. மறுநாளே நிற்க வைத்தார்கள். அந்த அம்மா வலியில் செவிலியைத் திட்டினார், பிறகு மன்னிப்புக் கேட்டார், பிறகு மறுபடி திட்டினார். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் இடது காலைப் பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஜெராக்ஸ் கடைக்காரர் கடையின் பின்பகுதியைக் காலி செய்து கொடுத்திருந்ததால் பங்குனி வரைக்கும் மாடி ஏற வேண்டியதில்லை.

கார் திண்டிவனத்துக்குள் நுழையும்போது, முன் இருக்கையிலிருந்த நண்பர் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், எடது காலுக்கு வச்சிருக்கிற பணம் மூணு மாசம் சும்மாதான கெடக்கும்? அதுவரைக்கும் அங்கயே போட்டு வச்சா..."

நான் பின் இருக்கையின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா காலை இருக்கை மேல் நீட்டி, கதவில் சாய்ந்திருந்தார். கண்ணைத் திறக்காமலே, "டிரைவர் தம்பி, பேங்காண்ட நிறுத்துப்பா," என்றார்.

நிறுத்தினார். மூன்று மாத வைப்பு, இருவர் பெயரில், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். அந்த அம்மா இறங்க முடியாததால் வங்கிப் பெண் ஒருவர் படிவத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் காருக்கே வந்தார். பிடித்து நடக்கக் கொடுத்திருந்த வாக்கரை மடியில் படுக்கவைத்து, அதன் மேல் காகிதத்தை வைத்து, அவர் கையெழுத்துப் போட்டார். நண்பர் வெளியே நின்று வட்டி விகிதத்தை இரண்டு முறை கேட்டார்.

"அவ்ளோதானாமா?"

"அவ்ளோதான் சார். ரிசர்வ் வங்கி இப்பதான் குறைச்சிருக்காங்க. இன்னும் கொறையும்னு சொல்றாங்க."

நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் ஏதாவது வருடத்தைச் சொல்வேன் என்பது போல. நான் காரின் மறுபக்கம் பார்த்தேன்.

"கொறையட்டும்," என்றது உள்ளேயிருந்து குரல். "கையெழுத்துப் போட்டுட்டு ஜல்தி ஏறுங்க. காலு மரத்துப் போவுது."